மாஸ்டர் இழுத்த மஞ்சள் கோடு

மரமும் மாடும் இல்லாத அரூப நிலக்காட்சி வரைய வருகிறவர் முதலில் பழக வேண்டியது வர்ணம் கலக்க அல்ல, "இது என்னங்க?" என்று கேட்பவர் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க. நாற்பத்தெட்டு வயதில், காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் நடக்கும் சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன். வருஷக் கடைசியில் மாணவர் கண்காட்சி உண்டு. அதில் நான் வரைந்த படம் ஒன்று தொங்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இதே ஆசையில் மாட்டிக்கொண்டிருக்கும் சக நோயாளிகளே, கேளுங்கள்.

முதல் வெயில்

முதல் படம் எங்கள் பல்லடத்து வெயில். மேலே வெளிறிய மஞ்சள், கீழே செம்மண் நிறத்தில் நாலு பட்டை. தறி ஓட்டும் என் வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கடைசியில் வாயைத் திறந்தார்.

"அடி வர்ணம் நல்லாப் புடிச்சிருக்குது அம்மணி. படம் எப்ப போடுவே?"

பஸ்ஸில் போன வானம்

எண்ணெய் வர்ணம் காய ஒரு வாரமாவது ஆகும் என்று வகுப்பு மாஸ்டர் சொல்லியிருந்தார். எனக்கு எங்கே பொறுமை? வகுப்பில் வரைந்த அடுத்த படத்தை ஈரத்தோடு, வர்ணம் வெளிப்பக்கம் இருக்க, அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். சிங்காநல்லூர் வருவதற்குள் என் வானம் மொத்தமும் ஒரு பெரியவரின் வெள்ளைச் சட்டை முதுகில் ஏறிவிட்டது. அழுதேவிட்டேன். சட்டைக்காக இல்லை, மூன்று வார வானத்துக்காக. அவர் கோபப்படவே இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

"பரவால்லீங்க அம்மணி. எந்த ஊட்டுல பெயிண்ட் வேலைங்க?"

மாஸ்டரின் கை

எங்கள் மாஸ்டர் வாயால் திருத்த மாட்டார். நம் பிரஷ்ஷை வாங்கி, நம் படத்திலேயே இழுத்துவிடுவார். முகம் சுளித்தால் அடுத்த வாரம் நம் பக்கமே வரமாட்டார். அதனால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருப்போம்.

கண்காட்சிக்கு நான் முடித்தது ஒரு சாம்பல் வெளி. மழை வராத ஆடி மாத வானம். அதில் ஒன்றும் வைக்காமல் விடுவதற்கே ஐந்து வாரம் ஆனது. மாஸ்டர் வந்தார், நட்டநடுவில் ஒரு மஞ்சள் கோடு இழுத்தார். "தேங்க்ஸ் சார்" என்றேன். பக்கத்து ஸ்டூலில் இருந்த ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் காதோடு சொன்னார்:

"உங்களுதுல கோடு மட்டுந்தானுங்க. என்ற படத்துல இருந்த மலையவே எடுத்துப்போட்டாருங்க."

தொங்கியது

படம் தொங்கியது, கீழே என் பெயரோடு. வீட்டுக்காரர்கூட இஸ்திரிச் சட்டையில் வந்திருந்தார். ஒரு மில் முதலாளியின் மனைவி நின்று பார்த்துவிட்டு, புது வீட்டு ஹாலுக்கு வேண்டும் என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை. சும்மா இருந்திருக்கலாம், இதில் என்ன பிடித்தது என்று கேட்டுத் தொலைத்தேன்.

"அந்த மஞ்சக் கோடுதானுங்க. அது இல்லாட்டி இதுல என்னங்க இருக்குது?"

படத்தை அவருக்குக் கொடுக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கோட்டின்மேல் மூன்று தடவை சாம்பல் பூசிவிட்டேன், இன்னும் மஞ்சள் தெரிகிறது.

ஒரு வருஷ வகுப்பில் நான் பிசகில்லாமல் செய்த ஒரே காரியம் அந்த "தேங்க்ஸ் சார்"தான். அதைத்தான் செய்திருக்கக் கூடாது.