மேல்வீட்டுத் தண்ணீர்

லண்டன் பிளேஸ்டோவில் எங்களுடையது கீழ்த்தள வீடு. மேலே ஒரு அங்கிள் தனியாக இருந்தார். மனைவியை இழந்தவர். படியில் கண்டால் சுகம் விசாரிப்பார், அவ்வளவுதான் பழக்கம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கடைக்குப் போய்த் திரும்பிக் கதவைத் திறந்தபோது ஹாலில் என் சப்பாத்து நனைந்தது. கூரையிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. போன வருடம்தான் ஆசை ஆசையாக ஓக் பலகை பதித்திருந்தோம். பைகளைப் போட்டுவிட்டு மேலே ஓடினேன்.

“அங்கிள், பைப்பைப் பூட்டுங்கோ! எங்கட வீடு முழுக்கத் தண்ணி!”

“நான் ஒண்டும் திறக்கேல்லையே பிள்ளை.”

அவருடைய காலுறை சொதசொதவென்று நனைந்திருந்தது. பின்னால் குளியல் தொட்டி வழியும் சத்தம் கேட்டது. அவரை விலக்கிக்கொண்டு உள்ளே போய் நான்தான் பூட்டினேன். “பொய் சொல்லாதேங்கோ” என்று கத்திவிட்டும் வந்தேன்.

சில நாட்களில் பலகைகளின் ஓரங்கள் எழும்பி, நடு பள்ளமாகிவிட்டது. தரை வேலை செய்பவர் வந்து, ஊசி முனைக் கருவியைப் பலகையில் குத்தி ஈரம் பார்த்தார். உடனே இழைத்துச் சமமாக்க ஏலாதா என்று என் கணவர் கேட்டார். அவர் மறுத்துவிட்டார். ஈரத்தோடு ஓரத்தைச் சீவினால், காய்ந்து இறங்கும்போது நடு மேடாகிவிடுமாம். ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்றை வைத்து, பொறுத்திருக்கச் சொல்லிவிட்டுப் போனார். வீடு முழுக்க ஒரே இரைச்சல்.

மறுநாள் அங்கிள் கதவைத் தட்டினார். “என்ன பிள்ளை இரைச்சல்?”

கோபத்தோடுதான் சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது. “ஐயோ, என்னால வந்ததே” என்று கையைப் பிசைந்தார். அடுத்த நாளும் தட்டினார். அதே கேள்வி. பதிலைக் கேட்டதும் அதே பதற்றம், முதல்முறை கேட்கிறவரைப் போல. அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. அன்றைக்கு அவர் பொய் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் கேட்டபோது, “பைப் ஒண்டு வெடிச்சுப் போச்சு அங்கிள்” என்றேன்.

“கடவுளே. ஆரும் வழுக்கி விழேல்லையே?”

“இல்லை அங்கிள்.”

சட்டைக் கையை மடித்துக்கொண்டு, மெஷினில் நிரம்பியிருந்த வாளியைச் சிந்தாமல் எடுத்துப்போய் ஊற்றினார். பிறகு தினமும் வந்தார். வாளியில் அரைவாசி இருந்தாலும் ஊற்றினார். தேத்தண்ணி குடித்துவிட்டு, தரை தப்பிவிடும் என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்.

டூட்டிங்கில் இருந்த அவருடைய மகளுக்குப் போன் பண்ணினேன். “அப்பா போனில நல்லாத்தானே கதைக்கிறவர்” என்றார். பிறகு அழுதார். அந்த வாரமே டாக்டரிடம் காட்ட ஒழுங்கு செய்தார்.

ஒரு நாள் காலை வாளியைத் தூக்கிய அங்கிள் அப்படியே நின்றார். கூரையில் படிந்திருந்த கறையையே பார்த்தார்.

“பிள்ளை, இது நான் செய்ததெல்லோ?”

எனக்குப் பொய் வரவில்லை. “ஓம் அங்கிள்.”

“ஏன் சொல்லேல்லை?”

“சொன்னனான். ஒவ்வொரு நாளும் நீங்கள் புதுசாக் கவலைப்பட்டீங்கள். எனக்குப் பார்க்க ஏலாமல் போச்சு.”

வாளியை வைத்துவிட்டு உட்கார்ந்தார். “எனக்கு என்னவோ நடக்குது. மகளிட்டச் சொல்லப் பயமாக் கிடந்தது.”

“அவவுக்குத் தெரியும் அங்கிள்.”

கண்ணை மூடிக்கொண்டு பெரிய மூச்சு விட்டார். அன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அது அவருக்கு நினைவில் இல்லை. ஆனாலும் எனக்குக் கேட்க வேண்டியிருந்தது.

பலகைகள் காய இரண்டு மாதத்துக்குக் கிட்ட எடுத்தது. பெரும்பாலானவை தாமாகவே படிந்தன. சமையலறை வாசலில் ஐந்தாறு படியவில்லை. அவற்றை மாற்றி, எல்லாவற்றையும் இழைத்து எண்ணெய் பூசினார்கள். புதுப் பலகைகள் கொஞ்சம் வெளிறித் தெரிகின்றன.

அதற்குள் அங்கிள் மகளோடு போவது முடிவாகியிருந்தது. புறப்படும் நாளில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

“வடிவாயிருக்கு பிள்ளை. எப்ப போட்டனீங்கள்?”

“இப்பத்தான் அங்கிள்” என்றேன்.

வெளியே மகள் காரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். அங்கிளின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன்.