செருப்புக் காலோடு மீன் தொட்டியில் கைவிட்ட கதை

குதிகால் வலிக்கு டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பு போடுகிறேன். வீட்டுக்குள் செருப்பா என்று என் மனைவி முகம் சுளித்தாள். பிறகு ஒரே ஒரு சட்டம் போட்டாள்: வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது ஹாலில் செருப்பு கூடாது. எங்கள் சாமி மேடை ஹாலில்தான் இருக்கிறது. அதற்கு இரண்டடி தள்ளி மீன் தொட்டி.

சுங்கை வேயில் எங்கள் வீடு. தொட்டிக்கு ஆசைப்பட்டது நான். அதைக் கழுவும் வேலை மட்டும் எப்படியோ அவளிடம் போய்ச் சேர்ந்தது.

ஒருநாள் கண்ணாடியில் பாசி தேய்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று கையை உதறினாள்.

“என்னங்க, தண்ணியில கைய வச்சா சுருக்குன்னு அடிக்குது.”

நான் போய் முழங்கை வரை விட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. “மீன் கடிச்சிருக்கும்லா,” என்றேன்.

அடுத்த வாரமும் அதே புகார். மறுபடி கையை விட்டு, உள்ளிருந்த கோல்ட் ஃபிஷ்களுக்கு டாட்டா காட்டினேன். அது போதாதென்று செராஸில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, “உங்கம்மாவுக்கு மீன் ஷாக் கொடுக்குதாம்,” என்றேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அடுப்படியில் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மூன்றாவது வாரம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடிக்கொருதரம் கையை வெளியே எடுத்து உதறிவிட்டுப் பேசாமல் தேய்த்தாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றி, கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு திரும்பினேன். தொட்டியில் காற்றுக்குழாய் கழன்று மிதந்தது. துடைத்த தரை இன்னும் காயவில்லை. செருப்பு வாசலில் கிடந்தது. கையை விட்டேன்.

தோள் வரை வெடுக்கென்று இழுத்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அவள் சிரிக்கவில்லை. ஓடிப்போய் முதலில் சுவிட்சுகளை அணைத்தாள். பிறகு என் கையைப் பிடித்துத் தேய்த்துவிட்டாள். என் வெறுங்காலைப் பார்த்தாள், வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் வந்த வயர்மேன் பம்ப்பை வெளியே எடுத்தார். தொட்டி மூடிக்கு அடியில் நசுங்கி, வயர் வெடித்திருந்தது.

“ரப்பர் செருப்பு போட்டிருந்தா கரண்ட் தரைக்கு இறங்க வழியில்ல, அங்கிள். அதான் உங்களுக்குத் தெரியல. ஆன்டி வெறுங்கால்ல நின்னிருக்காங்க. பெரிசா அடிச்சிருந்தா ஆளே போயிருக்கும்.”

மூடியை நசுங்க நசுங்க அழுத்தி வைத்ததும் நான்தான்.

“எத்தனை நாளா இப்படி?” என்று கேட்டார்.

நேற்றிலிருந்துதான் என்று சொல்ல வாயெடுத்தேன். மூவருக்கும் டீ கொண்டுவந்த என் மனைவி தட்டோடு நின்றுவிட்டாள்.

“மூணு வாரமா,” என்றேன்.

“மூணு வாரமாவா? அதுவரைக்கும் என்னா செஞ்சிக்கிட்டு இருந்தீங்க, அங்கிள்?”

“சிரிச்சிக்கிட்டு இருந்தேன்.”