வெள்ளிக்கிழமை முகங்கள்

ஓவியக் கல்லூரிகளில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி வருடக் கண்காட்சிக்குப் படத்தை மாட்டினால் மட்டும் போதாது, பக்கத்தில் ஒரு தாளும் ஒட்ட வேண்டும். நான் ஏன் வரைகிறேன், எதைப் பார்த்து வரைகிறேன், என்னைத் தூண்டியவர் யார் என்று ஒரு பக்கம். படத்துக்கு வாய் கிடையாதாம், அதற்கு வக்காலத்து வாங்க ஒரு தாள் வேண்டுமாம். மற்றப் பிள்ளைகள் அந்த ஒரு பக்கத்துக்கு ஒரு மாதம் தலையைச் சொறிந்தார்கள். பெரியபட்டினத்து மாஷிதா கும்பகோணத்து விடுதியில் உட்கார்ந்து இருபதே நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

“என்னைத் தூண்டியவர் என் வாப்பா. அவரை அறுபத்து மூன்று முறை வரைந்திருக்கிறேன். உலகத்தில் எனக்கு மனப்பாடமான முகம் அது ஒன்றுதான்.”

தங்கசாமி சார் வாசித்துவிட்டு, “நல்லாருக்கும்மா. கடைசி வரிய மட்டும் எடுத்துரலாமா? கொஞ்சம் ஜாஸ்தியாத் தெரியுது” என்றார். எடுக்க மாட்டேன் என்று நின்றாள். பிடிவாதத்துக்கு அவளிடம் என்றைக்கும் குறைச்சல் இல்லை. அந்த வரியை அன்றைக்கே எடுத்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறாள்.

வாப்பா ரிஃபாய் சவுதிக்குப் போனபோது மாஷிதாவுக்கு இரண்டு வயது. அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு முறையோ மூன்று வருடத்துக்கு ஒரு முறையோ வருவார். வந்தால் நாற்பது நாள். அதில் பாதி நாள் சொந்தக்காரர் வீட்டு விருந்திலேயே போய்விடும், மீதி நாள் வீட்டு வேலை பார்ப்பதில் போகும். எனவே அவளுக்கு வாப்பா என்றால் போனில் வருகிற வாப்பாதான். வெள்ளிக்கிழமை அங்கே ஜும்ஆ முடிந்து சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடுவார். இங்கே உம்மா குல்சும் பாத்திரம் கழுவி முடித்திருப்பாள். அங்கே அறையில் எட்டுப் பேர். ஒருவர் தூங்க, ஒருவர் ஓத, ஒருவர் துணி மடிக்க என்று இருப்பதால் சத்தம் போடக் கூடாது. ரிஃபாய் இயர்போனை மாட்டிக்கொண்டு, கட்டிலில் சாய்ந்து, போனை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு பேசுவார்.

அப்படிப் பேசும்போது எடுத்த ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துத்தான் முதல் படம் வரைந்தாள். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில். அப்புறம் விட்டபாடில்லை. பதினேழாவது படத்தில் வாப்பாவின் தலைக்கு மேல் இன்னொரு கட்டிலின் அடிப்பலகையும் அதிலிருந்து தொங்குகிற யாரோ ஒருவருடைய காலும் இருக்கும். நாற்பதாவது படம் காய்ச்சலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பேசியது. ஐம்பத்திரண்டாவதில் முகமே இல்லை, சிரிப்புத்தான். ரிஃபாய்க்கு இதில் தாங்க முடியாத பெருமை. அதைக் காட்டிக்கொள்ளாமல், “ஏம்புள்ள, எம் மூக்கு என்ன, கெணறு மாதிரியா இருக்கு?” என்பார். “கீழருந்து பாத்தா அப்படித்தான் வாப்பா தெரியுது” என்பாள் இவள்.

உம்மாவுக்கு மகள் வரைவதில் வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. வீட்டில் உருவப் படம் மாட்டுகிற வழக்கமில்லை என்பதால் எல்லாவற்றையும் பழைய படுக்கை விரிப்பில் சுற்றிப் பீரோவின் அடித்தட்டில் வைத்திருந்தாள். உம்மாவின் தம்பி சுஐபு மாமாதான் வந்தால் போனால் முணுமுணுப்பார். “காலேஜுல இதுக்கு மார்க்கு வேற போடுறானாக்கும்.”

அந்த மாமாதான் பொங்கல் லீவில் ஒரு சனிக்கிழமை காலை வந்து, வாசலிலேயே நின்றுகொண்டு, அவர் ராத்தா என்று கூப்பிடுகிற உம்மாவுக்குக் கேட்காமல் அவளைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. உச்சிப்புளியிலிருந்து கிளம்பிய நேவி விமானம் ஒன்று தலைக்கு மேல் தாழ்வாகப் போயிற்று. அது போனதும் அவள் காதருகே குனிந்தார்.

“இங்கன வா புள்ள. ராத்தாகிட்ட வாயத் தொறந்துராத” என்றார் மாமா. “மச்சான் போன வேன் கவுந்துருச்சு.”

ரிஃபாய் அந்த வாரம்தான் புதிய கேம்ப்புக்கு மாறியிருந்தார். அங்கே அவர் முகம் தெரிந்தவர் யாருமில்லை. வேனில் போன ஆறு பேரில் நான்கு பேரை அடையாளம் தெரிந்துவிட்டது. மீதி இரண்டு பேரில் ஒருவர் இறந்துவிட்டார், இன்னொருவர் முகமெல்லாம் கட்டோடு ஐ.சி.யூ.வில் நினைவில்லாமல் கிடந்தார். ஒருவர் ரிஃபாய், மற்றவர் பீகார்க்காரர். இரண்டு பேரிடமும் அடையாள அட்டை எதுவும் இல்லாததால் யார் எவர் என்று தெரியவில்லை. அங்கே இந்த மாதிரி நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற நம்மூர்க்காரர் தவ்ஃபீக், பிணவறையில் இருந்தவரைப் போட்டோ எடுத்து மாமாவுக்கு அனுப்பியிருந்தார். மாமா பத்துத் தடவை பார்த்துவிட்டார். ஆமாம் என்று சொல்லவும் தைரியமில்லை, இல்லை என்று சொல்லவும் தைரியமில்லை.

“உம்மாகிட்ட காட்டுவோம் மாமா.”

“வேணாம். ராத்தாவுக்கு ஏற்கெனவே பிரஷரு, இதக் காட்டுனா அதுவும் போய்ச் சேந்துரும். நீதானே அறுவது தடவ வரைஞ்சிருக்க? உனக்குத் தெரியாத மொகமா? பாத்துச் சொல்லு.”

மாமா அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் மனுஷன் பதறிப்போய்ச் சொன்னதுக்கு யாரை என்ன சொல்ல?

மாஷிதா போனை வாங்கினாள். அப்புறம் வகுப்பில் செய்கிற மாதிரி இரண்டு விரலால் பெரிதாக்கி, ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தாள். மேலிருந்து எடுத்த படம். கண் மூடியிருந்தது. உயிர் இருந்தபோது தையல் போடுவதற்காகத் தாடியை மழித்திருந்தார்கள். வாப்பாவுக்கு நாடி அகலம், இவருக்குச் சின்ன நாடி. வாப்பாவுக்கு நெற்றி குறுகல், இவருக்கு நெற்றி ஏறிக்கிடக்கிறது. வாப்பாவின் மூக்கு முன்னுக்கு வரும், இது அடங்கின மூக்கு. கன்னம் வேறு, உதடு வேறு. காதைப் பார்க்கலாம் என்றால், வாப்பாவின் காதை அவள் ஒரு தடவைகூட வரைந்ததில்லை. அதில் எப்போதும் இயர்போன்தான் இருக்கும்.

“இது வாப்பா இல்ல மாமா.”

“நெசமாவா சொல்ற?”

“சத்தியமா இல்ல. நாடியே வேற. இவருக்கு வயசும் கம்மி.”

சுஐபு மாமா அங்கேயே துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதார். மாஷிதாவும் அழுதாள், ஆனால் அவளுக்குச் சந்தோஷ அழுகை. அந்தச் சந்தோஷத்துக்குள் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது. பார்த்தீர்களா, என் கண்ணை நம்பித்தானே ஆக வேண்டியிருக்கிறது என்கிற பெருமை. தப்பாகச் சொன்னதைக்கூட அவள் என்றாவது மன்னித்துக்கொள்வாள். அந்தப் பெருமையை மன்னிக்க மாட்டாள்.

தவ்ஃபீக்குக்குச் செய்தி போயிற்று. இறந்தவர் பீகார்க்காரர் என்றும், ஐ.சி.யூ.வில் இருப்பவர் ரிஃபாய் என்றும் எழுதிக்கொண்டார்கள். உம்மாவிடம், விபத்து, ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உயிருக்கு ஒன்றுமில்லை என்று சொன்னார்கள். குல்சும் அன்றைக்கே நோன்பு வைக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் முசல்லாவை மடிக்காமல் அதிலேயே உட்கார்ந்திருந்தாள். எட்டாவது நாள், ஐ.சி.யூ.வில் இருப்பவர் விரலை அசைத்தார் என்று தவ்ஃபீக் போன் செய்தார். அன்று நெய்ச்சோறு ஆக்கி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தாள். சாயங்காலம் தலைவாரி, வாசலில் வந்த பூக்காரியிடம் இரண்டு முழம் மல்லிகை வாங்கி வைத்துக்கொண்டாள். வெகு நாளைக்குப் பிறகு உம்மா பூ வைத்ததை மாஷிதா வாசல்படியில் உட்கார்ந்து வரைந்தாள். நல்ல படம்தான்.

பதினோராவது நாள் அந்த மனிதர் கண் திறந்து, நர்ஸிடம் தன் பெயரைச் சொன்னார். ரிஃபாய் என்று சொல்லவில்லை.

பீகாரில் ஏதோ ஒரு வீட்டில் பதினொரு நாள் அழுதவர்கள் அன்றைக்குச் சிரித்திருப்பார்கள். நல்லா இருக்கட்டும். இங்கே பள்ளிவாசலில், மையித்து எதிரில் இல்லாமலே தொழுகிற காயிப் ஜனாஸா தொழுதார்கள். பதினொரு நாள் பிணவறையில் கிடந்த மையித்தை இனியும் வைத்திருக்க வேண்டாம் என்று தவ்ஃபீக்கும் நான்கு பேரும் அங்கேயே அடக்கிவிட்டார்கள். வேறொருவர் பெயரில் பதினொரு நாள் கிடந்தவருக்கு, கபுரின் தலைமாட்டு மீஸான் கல்லிலாவது சொந்தப் பெயரை எழுதச் சொல்லுங்கள் என்று மாஷிதா கெஞ்சினாள். அந்த ஊரில் கல்லில் பெயர் எழுதுவதில்லையாம்.

சுஐபு மாமாதான் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது, “போட்டோ அன்னைக்கே வந்துச்சு ராத்தா. புள்ளதான் இல்லன்னு சொல்லிருச்சு” என்றார். பாரத்தை இறக்கிவைக்க அவருக்கும் ஓர் இடம் வேண்டியிருந்தது. குல்சும் மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கணவனை இழந்தவள் பூ வைக்காமல், வெளியே போகாமல் இருக்க வேண்டிய இத்தா நாலு மாதம் பத்து நாள். அதை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆள் விட்டுக் கேட்டார்கள். செய்தி எட்டிய நாளிலிருந்து இல்லை, மவுத்தான நாளிலிருந்துதான் என்று பதில் வந்தது. வெள்ளைச் சேலையில் அறைக்குள் உட்கார்ந்திருந்த குல்சும், யாரிடம் என்றில்லாமல், “அப்ப நான் பூ வச்ச நாளும் இத்தாவுலதானே சேரும்” என்றாள். மாஷிதா எழுந்து கொல்லைக்குப் போனாள். வாசல்படியில் வரைந்த அந்தப் படத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

மறுநாள் பீரோவைத் திறந்து மூட்டையை அவிழ்த்து, அறுபத்து மூன்று படத்தையும் கூடத்துத் தரையில் பரப்பினாள். ஒவ்வொன்றும் ஒரே மாதிரி. எல்லாவற்றிலும் பெரிய நாடி, பெரிய மூக்கு, சுருங்கின நெற்றி. ஏழு வருடமாக அவள் ஒரு மனிதரை வரையவில்லை, அவர் நெஞ்சில் நிறுத்திவைத்த போன் பார்த்ததைத்தான் வரைந்திருக்கிறாள். பக்கவாட்டில் ஒன்று கிடையாது, பின்னந்தலை கிடையாது, காது கிடையாது. நாற்பது நாள் வீட்டில் இருந்தபோது எதிரில் உட்காரவைத்து ஒன்றாவது வரைந்தோமா என்றால், அதுவும் இல்லை. கூச்சம். வெள்ளிக்கிழமை போனில் வந்தால்தான் அவளுக்கு வரைய வரும். தங்கசாமி சாரைக் கூப்பிட்டு, கண்காட்சிக்கு என் படங்கள் வேண்டாம் என்றாள். “யோசிச்சுச் சொல்லும்மா” என்றார் அவர். யோசிக்க என்ன இருக்கிறது? கண்காட்சி வந்தது, போனது. அவள் கும்பகோணத்துக்குப் போகவில்லை.

உம்மாவும் மகளும் ஒரே வீட்டில் உப்பிருக்கா, புளியிருக்கா என்பதற்கு மேல் பேசாமல் இரண்டு மாதம் ஓட்டினார்கள். மாஷிதா தினமும் திட்டுக்காகக் காத்திருந்தாள். ஒரு தடவை வாய்விட்டுத் திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது. மூன்றாவது மாதம் ஒரு நாள் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு உம்மாவே கூப்பிட்டாள்.

“அந்தப் போட்டோ ஒங்கிட்ட இருக்கா?”

“இல்ல உம்மா. மாமா போன்லதான் இருந்துச்சு, அழிச்சுட்டாக.”

குல்சும் தஸ்பீஹ் மணியை உருட்டுவதை நிறுத்தினாள். “மையித்த எடுக்குறதுக்கு முன்னாடி கடைசி மொகத்தப் பாக்க எல்லாரையும் விடுவாக. எனக்குத்தான் கெடைக்கல. நீ பாத்தேல்ல? வரைஞ்சு காட்டு.”

“என்னால ஏலாது உம்மா.”

“வரை.”

இரண்டு மாதத்துக்கு மேல் தொடாத கரிக்குச்சியை எடுத்தாள். அழுதுகொண்டேதான் ஆரம்பித்தாள். ஆனால் கை நிற்கவில்லை. அந்தப் போட்டோவை அவள் வேற்று ஆளைப் பார்க்கிற மாதிரி அளந்து அளந்து பார்த்திருந்தாள், ஒன்றுகூட மறக்கவில்லை. ஏறிய நெற்றி, அடங்கின மூக்கு, மழித்த நாடியில் ஐந்து தையல், லேசாகத் திறந்த உதடு, காது. பொழுது அடைந்து மஃரிபு பாங்கு சொல்வதற்குள் முடித்துவிட்டாள். இதுவரை வரைந்ததிலேயே சரியாக வந்த படம் அதுதான் என்று அவளுக்கே தெரிந்தது, அதனாலேயே உடம்பு கூசியது. தாளை உம்மா பக்கம் திருப்பினாள்.

குல்சும் தாளைக் கையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கண் கலங்கவில்லை. விரலால் அந்தக் கன்னத்தைத் தொட்டாள்.

“மல்லாந்து தூங்குனா இப்படித்தான் இருப்பாக. கன்னம் ரெண்டும் காதுப் பக்கம் எறங்கிரும், வாய் லேசாத் தொறந்துக்கும். பாக்குறதுக்குச் சின்னப் புள்ள மாதிரி இருக்கும்.”

வாப்பா தூங்கி மாஷிதா பார்த்ததே இல்லை.

“பாத்த ஒடனே சொல்லியிருப்பேனே” என்றாள் குல்சும். “எங்கிட்ட ஏன்டி யாரும் கேக்கல?”