எந்தத் தலைவருக்கு இந்த கிடார்?

போன சனிக்கிழமை மதியம் கதவைத் திறந்தால், கண்ணெல்லாம் சிவந்து சரோஜா நிற்கிறார். எங்கள் கீழ் வீட்டுக்காரர். குன்னூர் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். செத்துப்போனது எந்தத் தலைவர் என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார்? எப்போது? பத்திரிகையில் எழுதுகிற எனக்கே தெரியாமலா? காலையிலிருந்து கரன்ட் இல்லை, டி.வி. இல்லை. யாரும்மா என்று அவரிடமே திருப்பிக் கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு ஜன்னலோரம் பேட்டரியில் பாடிக்கொண்டிருந்த என் ஸ்பீக்கரைக் காட்டினார்.

அந்த ஸ்பீக்கர் கதையைச் சொல்லியாக வேண்டும். குளிர் ஆரம்பித்ததும் என் அண்ணன் மகன் ஒரு லிங்க் அனுப்பினான். கிடார். பாட்டு கிடையாது, தாளம் கிடையாது. ஒரு கம்பியை மீட்டுகிறார்கள்... அது போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. சரி, முடிந்தது என்று எழுந்தால் — இன்னொரு கம்பி! முதல் நாள் ப்ளூடூத் கோளாறு என்றுதான் நினைத்தேன்.

ஆனால் மறுநாளும் கேட்டேன். அதற்கு மறுநாளும். வெளியே மூடுபனி, கையில் சூடாக டீ, உள்ளே இந்த அழுமூஞ்சி கிடார். மனசு கனக்கிறது, கூடவே சுகமாகவும் இருக்கிறது. எனக்கென்ன குறை? கடன் இல்லை, சுகர்கூட கன்ட்ரோலில்தான் இருக்கிறது. பிறகு எதற்கு இந்தச் சோகம்? என் மனைவியும் இதையேதான் கேட்டாள்.

சனிக்கிழமை அவள் கோயம்புத்தூர் போயிருந்தாள். தட்டிக்கேட்க ஆள் இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்து, வால்யூமை முழுசாகக் கூட்டிவிட்டேன்.

நம் ஊரில் இதற்கு வேறு அர்த்தம் உண்டு என்பதை மறந்து தொலைத்தேன். பெரிய தலைவர் யாராவது இறந்தால், ரேடியோவில் பாட்டையெல்லாம் நிறுத்திவிட்டு நாள் முழுக்க வீணையும் வயலினும் போடுவார்களே... அதேதான்! வார்த்தையே இல்லாத சோக வாத்தியம். அதுவும் பத்திரிகைக்காரன் வீட்டிலிருந்து. நம்பாமல் என்ன செய்வார்கள்? தெருமுனை மளிகைக்கடை பாய் மரியாதைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டாராம்.

அதோடு போயிருந்தால் சிரித்திருப்பேன். மறுநாள் சரோஜாவின் ஒரே மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் தேவாலாவிலிருந்து வர வேண்டும். தலைவர் போய்விட்டால் பஸ் ஓடாதே என்று பயந்து, நாளைக்குப் புறப்பட வேண்டாம் என்று போன் போட்டுச் சொல்லிவிட்டார் சரோஜா. அங்கே மாப்பிள்ளையின் அத்தை, ஆரம்பமே சாவுச் செய்தியா, இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாராம்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சரோஜாவின் போனை வாங்கி மாப்பிள்ளையின் அப்பாவிடம் பேசினேன். எல்லாத் தலைவர்களும் சௌக்கியம், கேட்டது என் வீட்டு மியூசிக் என்று விளக்கினேன். அப்படியானால் உங்கள் வீட்டில் யார் தவறியது என்றார். யாருமில்லை என்றேன்.

"யாருமே சாகலீன்னா, அதை எதுக்குங்க போட்டுக் கேட்டீங்க?"

பிடித்திருக்கிறது என்றேன். அப்புறம் பக்கத்தில் யாரிடமோ, பாவம், மனுஷனுக்கு என்னமோ மனக்கஷ்டம் போல என்று அவர் சொல்வது காதில் விழுந்தது. அத்தை போனைப் பிடுங்கி, யாரும் சாகவில்லை என்று சத்தியம் செய்யச் சொன்னார். செய்தேன். முதல் பஸ்ஸிலேயே கிளம்புகிறோம் என்றார்கள்.

போனைத் திருப்பிக் கொடுத்தபோது நாலு திட்டு விழும் என்று காத்திருந்தேன். சரோஜா திட்டவில்லை. குழம்பிப்போய் நின்றார்.

"அப்படின்னா... நான் யாருக்குங்க சார் அழுதேன்?"

ஒரு வாரமாகவே மகளைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குக் கண் நிறைந்துவிடுமாம். நல்ல காரியம் நடக்கிற வீட்டில் அழலாமா என்று சொந்தக்காரர்கள் அதட்ட, அடக்கி அடக்கியே வைத்திருந்திருக்கிறார். சனிக்கிழமை என் கிடாரைக் கேட்டதும், தலைவருக்காக அழுதால் யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுது தீர்த்தாராம். பேர்கூடத் தெரியாத தலைவருக்கு!

இதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. எது முதலில் வந்தது என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. மாசியில் கல்யாணம். அத்தை மட்டும் சாப்பிடும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கு வம்பு என்று கிடாருக்கு மங்களம் பாடிவிட்டேன். மூன்று நாள் வீடு கப்சிப்.

நேற்று சாயங்காலம் வேலை முடிந்து வந்த சரோஜா, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக மேலே ஏறி வந்து கதவைத் தட்டினார்.

"ஏனுங்க சார், பாட்டை நிறுத்திட்டீங்க? கொஞ்ச நேரம் வையுங்க. யாரும் சாகலீன்னு பாய்கிட்ட சொல்லிப்போட்டுத்தான் வந்தேன்."