அரைத்தம்ளர் ஷட்டர் திறந்த நாள்

அணைக்காரர் வீட்டில் தம்ளர் விளிம்பு வரை நிறைந்து யாரும் பார்த்ததில்லை. தண்ணீரோ காபியோ, பாதிக்கு மேல் ஊற்றினால் அவருக்கு மூச்சு முட்டும்.

"மேல கொஞ்சம் இடம் விடும்மா" என்பார் மனைவியிடம்.

"எதுக்கு? இதுக்குள்ளயும் மழை பெய்யப் போகுதா?"

மாடித் தொட்டி, அரிசி டப்பா, துணி அலமாரி எல்லாவற்றிலும் மேலே இடம் இருக்கும். ஊர் அவருக்கு அரைத்தம்ளர் என்று பெயர் வைத்தது. அவரும் அதை யாரோ கூப்பிட்டுக் கொடுத்த பட்டம் போல வைத்துக்கொண்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை, வேலை அப்படி. அது பாசனத்துக்குக் கட்டிய அணை இல்லை, வெள்ளத்தைத் தடுக்கக் கட்டியது. மற்ற அணைகளுக்கு நிறைந்தால் பெருமை, இதற்குக் காலியாகக் கிடந்தால்தான் பெருமை. மலையில் கொட்டுவதை வாங்கி வயிற்றில் வைத்துக்கொண்டு, கீழே ஊருக்குத் தாங்குகிற அளவு மட்டும் விட வேண்டும். வயிறு ஏற்கெனவே நிறைந்திருந்தால் எங்கே வாங்குவது? அதனால் புயல் வருகிறது என்று தகவல் வந்தாலே, உள்ளே கிடக்கிற நீரை முதலில் திறந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி அவர் தொண்டைத்தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். "நல்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டு வெறும் சேத்துக்குக் காவல் இருக்காருப்பா" என்று சலூனில் தினமும் ஒரு சுற்றுச் சிரிப்பு ஓடும். வெளியூரிலிருந்து பார்க்க வருகிறவர்கள் அணைமேல் நின்றுகொண்டே, "அணை எந்தப் பக்கம் சார்?" என்று அவரிடமே கேட்பார்கள்.

இந்த மனிதரின் ஒரே மகள் ஒரு பையனை விரும்பினாள். பையன் தங்கம். சிக்கல் பையனுடைய அப்பாவிடம் இருந்தது. அவர் தர்பூசணி விவசாயி. அதுவும் எங்கே? அணைக்கு நேர் கீழே, கோடையில் காய்ந்து கிடக்கும் ஆற்று மணலில். 'இங்கே பயிரிடாதீர், நீர் திடீரென வரும்' என்று பலகை நட்டிருந்தார்கள். தர்பூசணிக்காரர் வேலைக்கு இறங்கும்போது சட்டையைக் கழற்றி அந்தப் பலகையில்தான் மாட்டுவார். அதனால் எழுத்து அவர் கண்ணில் பட்டதே இல்லை.

பெண் கேட்டு அவர்கள் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை காலையில், அணைக்காரரின் மனைவி அவரைச் சுவரோரம் நிறுத்தி வைத்துச் சொன்னாள்:

"இதப் பாருங்க. அணை, ஷட்டர், சங்கு. இந்த மூணு வார்த்தையும் இன்னைக்கு உங்க வாயில வரக் கூடாது. பொண்ணு வாழ்க்கை."

"அப்புறம் நான் எதைத்தான் பேசுறது?"

"சிரிங்க."

அவர் சிரித்தார். புதுச் சட்டை போட்டுக்கொண்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, வந்தவர்கள் எது சொன்னாலும் சிரித்தார். தர்பூசணிக்காரர் தன் இடுப்புவலியைப் பற்றிச் சொன்னபோதும் சிரித்தார். இருந்தும் காரியம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தர்பூசணிக்காரரின் மனைவி, பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "பழம் இன்னும் பத்து நாள்ல பறிச்சிரலாம். அந்தக் கையோட கல்யாணத்தை வச்சுக்குவோம், சம்பந்தி" என்றார் தர்பூசணிக்காரர். சம்பந்தி என்றே சொல்லிவிட்டார்! மகள் பக்கத்தில் நின்ற தோழியை இன்னொரு கையால் கிள்ளினாள்.

அப்போது போன் அடித்தது.

"சரி மேடம்... இந்தக் கோடையிலயா மேடம்?... முழுசாவா மேடம்?... சரி மேடம்."

இன்ஜினியர். கடலில் எதிர்பாராத புயல். மலையில் நாளைக்குப் பெருமழை. கோடை மழையில் அணைக்குள் தேங்கியிருந்ததை இன்று மாலைக்குள் இறக்கிவிட வேண்டும்.

அவர் எழுந்து, ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டையைப் புதுச் சட்டைக்கு மேலேயே மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க சம்பந்தி?"

அணைக்காரர் மனைவியைப் பார்த்தார். மூன்று வார்த்தைகளும் தடை செய்யப்பட்டிருந்தன. "அதை... திறக்கணும்" என்றார்.

"எதை?"

"ஆபீஸ்ல... பெரிசா ஒண்ணு இருக்கே, அதை."

தர்பூசணிக்காரருக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் மரியாதை முதலில் போயிற்று. "யோவ்! என் பழம்யா!"

பிறகு நடந்தது, அந்த ஊரில் எந்தப் பெண் பார்ப்பிலும் நடக்காதது. சங்கு ஊதியது. இரண்டு குடும்பமும் பட்டுப்புடவையோடு மணலில் இறங்கிக் காய் பறித்தது. மாப்பிள்ளை பறித்து எறிய, மகள் பிடித்துக் கரையில் அடுக்கினாள். பெண்ணும் பிள்ளையும் தனியாகப் பேசிப் பார்க்கட்டும் என்று யாரும் ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கவில்லை. வழிப்போக்கர்கள் இறங்கி உதவி செய்தார்கள். செய்தவர்கள் ஆளுக்கு ஒன்று உதவிக்கூலியாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டும் போனார்கள்.

மேலே ஷட்டர் மேடையில் அணைக்காரர் நின்றிருந்தார். சங்கு ஊதிய பிறகு காவலாளி படுகை முழுவதும் நடந்து பார்த்துப் பச்சைக்கொடி காட்ட வேண்டும். அதற்கு முன் ஷட்டரைத் தொடக்கூடாது. காவலாளி சிவப்புக்கொடியையே ஆட்டிக்கொண்டிருந்தான். படுகை நடுவில், பாதிக்கு மேல் பறிக்காமல் கிடந்த கொடிகளுக்கு மத்தியில், ஒரு பெரிய தர்பூசணியின்மேல் தர்பூசணிக்காரர் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

போன் அடித்தது. "திறந்தாச்சா?"

"ஆள் இருக்கு மேடம்."

"யாரு?"

"சம்பந்தி மேடம்."

"அவரை வெளிய கொண்டு வாங்க" என்றார் இன்ஜினியர்.

அணைக்காரர் சாவியைப் பூட்டிலிருந்து உருவி இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிப் போனார். போய், இன்னொரு பழத்தைத் தேர்ந்தெடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தொற பாப்போம்" என்றார் தர்பூசணிக்காரர்.

"சாவி என்கிட்ட. நான் உங்ககிட்ட. எப்படித் தொறக்கிறது?"

"அப்ப பேசாம உக்காரு."

"உக்காந்துதானே இருக்கேன். நாளைக்கு மழை கொட்டி அணை ரொம்பிருச்சுன்னா, அதுக்கப்புறம் சாவியே வேண்டாம். தானா மேல வழிஞ்சு வரும். அது உங்களை, என்னை, உங்க வீட்டை, சலூனை, எதையும் பாக்காது."

"மழை வரலைன்னா?"

அணைக்காரர் காலடியில் கிடந்த ஒரு காயின்மேல் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தார். "வரலைன்னா உங்க பழத்தை நான் சும்மா அழிச்சவன் ஆவேன்" என்றார். "அது தெரிஞ்சேதான் தொறக்கணும்."

தர்பூசணிக்காரர் அசையவில்லை. அசைத்தது கரையிலிருந்து வந்த குரல். அவருடைய மனைவி முந்தானையைச் செருகிக்கொண்டு கத்தினாள்:

"நீங்க அங்கயே இருங்க! நாங்க மேல போய் நாள் குறிச்சு, மண்டபமும் பேசி முடிச்சிடுறோம். உங்களை எதுவும் கேக்கப் போறதில்ல!"

"என்னைக் கேக்காமயா?" என்று அவர் துள்ளி எழுந்தார். எழுந்த வேகத்தில் கரைக்கே வந்துவிட்டார்.

பச்சைக்கொடி ஆடியது. ஷட்டர் உயர்ந்தது. முதலில் நுரையோடு ஒரு நாக்கு நீண்டது. பிறகு ஆறு வந்தது. பழங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, திருவிழாவுக்குப் போகிற மொட்டைத் தலைகள் போல மிதந்து போயின. தர்பூசணிக்காரர் பலகையிலிருந்து சட்டையை எடுக்க மறந்திருந்தார். அதுவும் போயிற்று. எழுத்து முதல்முறையாக அவர் கண்ணில் பட்டது.

மழை வரவில்லை.

புயல் பாதி வழியில் மனசு மாறி வேறு பக்கம் போய்விட்டது. மறுநாள் சுள்ளென்று வெயில் அடித்தது. சலூனில் நாற்காலி போதவில்லை. அணைக்காரர் அந்தப் பக்கமே போகாமல் தாடி வளர்த்தார். இந்தச் சம்பந்தம் அவ்வளவுதான் என்று மகள் தலையணையில் முகம் புதைத்துக் கிடந்தாள். அவர் அவள் அறை வாசல் வரை வருவார், நிற்பார், திரும்புவார்.

மூன்றாம் நாள் வாசலில் ஒரு வண்டி நின்றது. வண்டி நிறையப் பழுக்காத தர்பூசணி. தர்பூசணிக்காரர் இறங்காமலே சொன்னார்:

"சந்தையில ஒருத்தன் வாங்க மாட்டேங்கிறான். உள்ள வெள்ளைவெளேர்னு இருக்கு. கல்யாணம் வரைக்கும் இதை நீங்கதான் சாப்பிடுறீங்க. ஒண்ணு மிச்சம் இருந்தாலும் பொண்ணை எடுக்க மாட்டேன்."

அணைக்காரர் சாப்பிட்டார். கூட்டாக, ஊறுகாயாக, பச்சையாக. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் வயிறு விளிம்பு வரை நிறைந்தது.

கல்யாணத்தன்று தர்பூசணிக்காரர் அவரை வரவேற்ற முதல் வார்த்தை, "சாவி யார்கிட்ட?" என்பதுதான். பேரன் பிறந்தபோதும் அதைத்தான் கேட்டார். பிறகு ஒரு வருடம் உண்மையாகவே பெருமழை வந்து, காலியாகக் கிடந்த அணை அத்தனையையும் விழுங்கி, ஊரில் ஒரு செருப்புகூட நனையாமல் போனபோது, எதுவுமே நடக்கவில்லை என்பதால் யாரும் எதுவும் சொல்லவில்லை. தர்பூசணிக்காரர் மட்டும் அணைமேல் வந்து வெகுநேரம் நின்றார். போகும்போது, "சாவி பத்திரம்" என்றார்.

அரைத்தம்ளர் போன அன்றும் அவர் வந்தார். மாலையை வைத்தார். எல்லாரும் அழுதுகொண்டிருந்த கூடத்தில், பழக்கதோஷம், வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சாவி யார்கிட்ட?"

கூடம் திடுக்கிட்டது. அணைக்காரரின் மனைவி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை.

"ரிட்டயர் ஆன அன்னைக்கே ஆபீஸ்ல குடுத்துட்டார் அண்ணே" என்றாள். "நீங்க தைரியமா விதை போடுங்க."

பிறகு எழுந்து போய், அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள். அரைத் தம்ளர்.