கையை ஆட்டாதே

இரண்டு கறுப்புக் கண்ணாடிகள். ஒன்று நோயாளிக்கு, ஒன்று எனக்கு. மாட்டிக்கொண்டால் அறையே இருட்டாகிவிடும். தொண்ணூறுகளில், தியாகராய நகரில் பெரிய டாக்டரின் பிசியோதெரபி கிளினிக்கில் நான் வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில் லேசர் இயந்திரம் வந்து இறங்கியது. டாக்டர் அதற்குச் சந்தனம் குங்குமம் இட்டு, பூ வைத்து, கற்பூரம் காட்டினார். பேனா பருமனில் ஒரு முனை. வலிக்கிற இடத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் சுடாது, குத்தாது, ஒன்றுமே தெரியாது. ஒன்றுமே தெரியாததால்தான் ஜனங்களுக்கு அதன்மேல் அத்தனை நம்பிக்கை.

டாக்டர் போன மாதம் காலமானார். நினைவு மலர் போடுகிறார்களாம். "அப்பாவைப் பத்தி நல்லதா நாலு வரி எழுதிக் குடுங்க மேடம்" என்று அவர் மகன் போனில் கேட்டார். நல்லதாக நாலு வரி என்னிடம் இல்லை. இருப்பதை எழுதுகிறேன். போடமாட்டார்கள், தெரியும்.

லேசர்மேல் எனக்குக் கோபமில்லை. அடையாறில் இன்று என் சொந்தக் கிளினிக்கிலும் ஒன்று இருக்கிறது. அது வலியைக் கொஞ்சம் தணிக்கும். தணிந்த அந்த நேரத்தில் மூட்டை அசைத்துப் பயிற்சி கொடுக்க வேண்டும். அதுதான் வைத்தியம். டாக்டருக்கோ பயிற்சி என்றாலே ஆகாது. இறுகின தோளை அசைத்தால் ஆள் அலறுவான், அலறல் வரவேற்பறைவரை கேட்கும், கிளினிக்கின் பெயர் கெட்டுவிடும். சுவரில் விரலால் படிப்படியாக ஏறிப் பழகுகிற மர ஏணியைக் கழற்றிப் பின்பக்கம் போடச் சொன்னார். வருகிறவர்களிடமெல்லாம், "லேசர் பாத்துக்கும், நீ கையை ஆட்டாதே" என்றார்.

கோடம்பாக்கத்திலிருந்து லைட்மேன் அண்ணன் ஒருவர் வந்துகொண்டிருந்தார். வலது தோள் இறுகிவிட்டது. ஸ்டுடியோவில் உயரத்தில் கட்டிய பலகையில் ஏறி, கனமான விளக்குகளைத் தலைக்கு மேல் தூக்கி மாட்டுகிற வேலை. கை எழும்பாவிட்டால் அந்த வேலை இல்லை. வேறு வேலை அவருக்குத் தெரியாது. இயந்திரம் வருவதற்கு முன்பு என்னிடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஏணியில் பாதிக்குமேல் விரலை ஏற்றியிருந்தார். லேசரைப் பார்த்த முதல் நாள் சிரித்தார். "இன்னா டாக்டரம்மா இது? எவ்ளோ லைட்டு பாத்துகீறேன், சூடே இல்லாத லைட்டு இப்பதான் பாக்குறேன்."

ஆனால் டாக்டர் சொல்லுக்கு அவரிடம் மறுபேச்சு கிடையாது. கையைத் துண்டால் கழுத்தோடு கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து போனார். அசையாத கை வலிக்குமா? "வலியே இல்ல" என்று பூரித்துப்போனார். டாக்டர் கேஸ் ஷீட்டில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதினார். தொட்ட எனக்குத் தெரியும், தோள் கட்டையாகிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு தடவை டாக்டரிடம் சொன்னேன். "இங்க டாக்டர் நீயா, நானா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது, வாயை மூடிக்கொண்டேன். அந்த மனிதரை நான் மன்னிக்கவில்லை. செத்துவிட்டார் என்பதற்காக மன்னிக்கப் போவதுமில்லை. என்னை என்ன செய்வதென்றுதான் இன்னும் தெரியவில்லை.

லேசர் முடிந்து வேலைக்குப் போன அண்ணன் மறுநாளே திரும்பி வந்தார். கை மார்புக்கு மேல் எழவில்லை. விளக்கைத் தூக்க முடியாமல் தடுமாறியவரை எல்லோர் முன்னாலும் பலகையிலிருந்து இறக்கிவிட்டார்களாம், இனி வர வேண்டாம் என்று. டாக்டர் தன் அறையில்தான் இருந்தார். இவர் உள்ளே போய்க் கத்துவார், மேசையைத் தட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"என் தப்புதான் டாக்டரம்மா. மைலாப்பூர்ல அறுபத்து மூவர் பாக்கச்சொல்லோ, என் சின்னக் கொயந்த சாமி தெரியலன்னு அழுதுச்சு. ஒரே ஒரு தபா கட்டை அவுத்துட்டு ரெண்டு கையாலயும் தூக்கிக் காட்டிட்டேன். அதான் கெட்டுப்போச்சு. டாக்டராண்ட சொல்லிடாதீங்க."

தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அப்படித் தூக்கியிருந்தால் அந்தக் கை பிழைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியவள் நான்.

"சொல்லமாட்டேன்ணே" என்றேன்.