அடைப்புக்குறிக்குள் இருவர்

மகளின் கணக்குக் கொப்பியில் 3(x + 4) = 27 என்று இருந்தது. அதன் கீழே அவள் 3x + 4 = 27 என்று எழுதியிருந்தாள். மூன்றை x உடன் மட்டும் பெருக்கியிருக்கிறாள். என் இடது உள்ளங்கை சுட்டது.

பாலாவியில் எட்டாம் வகுப்பு படிக்கையில் நானும் இதே பிழையைத்தான் விட்டேன். கணக்கு சேர் பிரம்பை எடுத்தார்.

"வெளிய நிக்கிற மூண்டு உள்ளுக்க ஒருத்தருக்கு மட்டுமா?"

"இல்ல சேர், ரெண்டு பேருக்கும்."

"அப்ப இந்த வாங்கில இருக்கிற ரெண்டு பேரும் கைய நீட்டுங்க."

எனக்கு மூன்று அடி. பக்கத்திலிருந்த றிஸானாவுக்கும் மூன்று. அவளுடைய கொப்பியில் x ஐந்து என்று சரியாகவே இருந்தது. லீவு நாட்களில் உம்மாவோடு உப்பளத்துக்குப் போய் அவள் கை வெடித்திருந்தது. இரண்டாவது அடியில் வெடிப்புப் பிளந்தது. மூன்றாவதில் இரத்தம் என் வெள்ளைச் சட்டையில் தெறித்தது.

அவள் சரியாகச் செய்தவள் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் எனக்கு இன்னும் விழும். அடுத்த நாள் அவள் வேறு வாங்குக்குப் போய்விட்டாள்.

"நாலையும் பெருக்கணுமா உம்மா?"

"ஓம்" என்றேன். "மகள், வகுப்பில உனக்குப் பக்கத்தில யாரு இருக்கிறது?"